சங்கரம்மாள் வீட்டுக் கதவில் நின்ற பசை

1937ஆம் வருஷம் ஆனி மாதம் தென்காசியில் சங்கரம்மாள் வீட்டுக் கதவில் ஒட்டிய நோட்டீசைப் பதின்மூன்றாம் நாளே கிழித்துவிட்டார்கள். ஆனால் அதன் பசை ஆறு வருஷம் காயவில்லை, தெருவில் போனவர்கள் பேசிய பேச்செல்லாம் அதில் ஒட்டிக்கொண்டது. ஒரு முழ நீளம், முக்கால் முழ அகலம் இருக்கும் அந்த இடம். முதல் வாரத்தில் எந்தப் பசையிலும் ஒட்டுகிறவைதான் ஒட்டின: ஈ, தூசி, இலவம்பஞ்சு, ஒரு கோழி இறகு. இரண்டாம் வாரத்தில் சாரல் துளிகள் ஒட்டின. மழை விட்டு வெயில் வந்த பிறகும் அவை கீழே விழாமல் பாசிமணி போல வரிசையாக நின்றன. ஆடி பிறந்தபோதுதான் பேச்சும் ஒட்டியிருப்பது தெரியவந்தது. உச்சி வெயில் கதவில் விழுந்து பசை இளகும் நேரத்தில், கடைசியாக ஒட்டிய நாலைந்து பேச்சு, பேசினவர் குரலிலேயே மெல்லக் கேட்கும். ஊரில் யாரும் இதற்காகப் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த வருஷம் சாரல் பலம். ஈரத்தில் எல்லாம்தான் ஒட்டும் என்றார்கள்.

ஒட்டியவன் பெயர் இசக்கிப்பாண்டி. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு. அம்மையும் பேதியும் கண்ட வீடுகளில் நோட்டீஸ் ஒட்டுகிற ஒரு ஆபீசில் வேலை பார்த்தான். சாயங்காலம் வகுப்புக்குப் போய்ப் படித்தான். எந்த வேலையைச் செய்தாலும் செய்த முறை ஒரு பக்கமும் கண்ட பலன் ஒரு பக்கமுமாக நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் அந்த வகுப்பில் வந்தது. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் போக்கி, இடித்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டதுதான் ஆபீஸ் பசை. மற்ற ஊர்களுக்கு அது போதும். ஆனி ஆடியில் தென்காசிக்குப் போதாது. காலையில் ஒட்டிய நோட்டீஸ் மத்தியானத்துக்குள் சாரலில் ஊறி வாய்க்காலில் மிதந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஐயா ஏசினார். இசக்கிப்பாண்டி குற்றாலத்துக்கு நடந்து போய், பலாப்பழம் அறுத்து விற்கிறவர்களிடம் ஒரு சிரட்டை பலாப்பால் வாங்கி வந்து பசையில் கலந்தான். அதன் பிறகு ஒரு நோட்டீசும் விழவில்லை. பழம் அறுக்கிறவர்கள் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதையும், பால் ஒட்டிக்கொண்டால் அந்த எண்ணெய்க்குத்தான் விடும் என்பதையும் அன்றே பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டான். ஆகவே அந்தப் பசை எதற்கு விடும் என்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அந்த ஆனியில் ஊரில் பெரியம்மை இருந்தது. நோட்டீஸ் ஒட்ட வேண்டிய வீடுகளை நிலைப்படியில் தொங்கும் வேப்பிலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது ஆபீஸ் வழக்கம். அன்று காலையில் ஒன்பது வீட்டு வேப்பிலையைப் பார்த்துவிட்டுப் பத்தாவதாகச் சங்கரம்மாள் வீட்டு வேப்பிலையைப் பார்த்தான். அம்மை வீட்டில் வேப்பிலையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் நிலைக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு ஈர்க்கு செருகுவார்கள். இந்த வித்தியாசம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சங்கரம்மாள் பேறு பார்க்கிறவள் என்பதும் தெரியும். புருஷன் கொழும்புக்குப் போய்த் திரும்பாததால் தனியாக இருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. அன்று வடகரையிலிருந்து சுந்தரபாண்டியபுரத்துத் தாய் வீட்டுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்த கல்யாணசுந்தரி என்ற பெண்ணுக்கு வழியில் வலி கண்டு, வண்டியை அங்கே நிறுத்தி, அவள் உள்ளே படுத்திருந்தாள். செருகியிருந்தது அவளுக்கான ஈர்க்கு. இசக்கிப்பாண்டி கதவில் பசையை அடித்தான், காகிதத்தை வைத்தான், மேலே இன்னொரு தடவை பசை அடித்துக் கையால் நீவினான். நீவி முடித்த பிறகுதான் உள்ளே பச்சைப் பிள்ளை அழுதது என்று அவன் அன்று நோட்டில் எழுதினான். பிறகும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

வாளி தூக்கி வந்த நல்லகண்ணு வயதில் மூத்தவர். அவர் நின்றுவிட்டார்.

"ஏலே, புள்ளச் சத்தம்லா கேக்குது. பெத்த வீடுலே இது."

"தெரியுது அண்ணாச்சி. ஒட்டியாச்சு. கிழிச்சா ஐயாகிட்ட நாமதான் பதில் சொல்லணும். வாயப் பொத்திட்டு வாரும்."

அவ்வளவுதான் நடந்தது. பத்தாவது வீட்டை முடித்துப் பதினொன்றாவது வீட்டுக்குப் போனார்கள்.

அன்று பொழுது சாய்வதற்குள், பிள்ளையைப் பார்க்க வந்த கல்யாணசுந்தரியின் மாமனார் நோட்டீசைப் படித்துவிட்டு, பிள்ளையையும் தாயையும் ஒரு சாக்கில் மூடிச் சாரலோடு சாரலாக வடகரைக்கே திருப்பிக் கொண்டுபோனார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. பதின்மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, வீட்டில் அம்மையும் இல்லை, படுத்த ஆளும் இல்லை என்று கிழிக்கச் சொன்னார். காகிதத்தின் மேல்தாள் மட்டும் உரிந்து வந்தது. அடித்தாளும், மேலே அடித்து அதில் ஊறிய பசையும் கதவில் நின்றுவிட்டன. அம்மை கண்ட வீடு என்று சொல்ல ஆபீசில் அச்சடித்த தாள் இருந்தது. காணாத வீடு என்று சொல்லத் தாள் இல்லை. சங்கரம்மாள் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றித் தேங்காய்நாரால் தேய்த்துப் பார்த்தாள். நார்தான் ஒட்டிக்கொண்டது. ஆபீசுக்கு வந்து, ஒட்டினவர்களே எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று கேட்டாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே இசக்கிப்பாண்டி தான் போவதாகச் சொன்னான். பொறுப்பான பையன் என்று இன்ஸ்பெக்டர் நினைத்தார்.

முதல் தடவை சீமெண்ணெய் கொண்டுபோனான். துணியில் நனைத்து நாலு இழுப்பு இழுத்ததும் பசையின் மேற்படலம் சுருண்டது. சுருண்ட இடத்திலிருந்து, முந்தின நாள் தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தியின் குரல், "ஏட்டி, அங்கன ஒதுங்கிப் போ, அம்மை வீடு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு அடங்கியது. அடுத்த இழுப்பில் அதற்கு முந்தின நாள் பேச்சு வந்தது. அதற்கடுத்து அதற்கும் முந்தியது. இசக்கிப்பாண்டிக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கத் தெரியும். கடைசியில் ஒட்டியது முதலில் வருகிறதென்றால் முதலில் ஒட்டியது கடைசியில் வரும். முதலில் ஒட்டியது யாருடைய பேச்சு என்பதை அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். சீமெண்ணெய் மரத்தைக் கெடுக்கும் என்றான். பிறகு, யாரும் கேட்காதபோதே, இன்னொன்றும் சொன்னான்.

"தேங்காயெண்ணெ மட்டும் பட்டுறக்கூடாது அக்கா. மரத்துல ஊறி அப்படியே நின்னுரும்."

சங்கரம்மாள் அதை நம்பினாள். அது ஆபீஸ்காரன் சொல், அதோடு அவன் சம்பளமில்லாத ஞாயிற்றுக்கிழமையில் வந்து குனிந்து தேய்க்கிறவன்.

அதன் பிறகு வந்த வருஷங்களில் அவன் அந்தக் கதவுக்குச் செய்யாததில்லை. பூந்திக்கொட்டைக் கரைசல் ஊற்றினான். புளியும் சாம்பலும் குழைத்துப் பூசினான். சுற்றியிருந்த பித்தளைக் குமிழ்கள் பளபளத்தன, பசை அப்படியே இருந்தது. செங்கல்பொடி, சுண்ணாம்புத் தெளிவு, பழங்கஞ்சி, உப்புத்தாள், எருமை மோர். ஒரு கோடையில் பசையின் மேல் ஈரமண்ணை அப்பிக் காயவைத்து உரித்தான். மண்ணில் எறும்பின் பேச்சுக்கூட ஒட்டி வரவில்லை. ஒவ்வொன்றையும் நாள், அளவு, ஊறவைத்த நேரம், பலன் என்று நோட்டில் எழுதினான். பலன் என்ற பத்தியில் இல்லை, இல்லை, இல்லை என்று முப்பத்தெட்டுத் தடவை இருந்தது. அந்த எழுத்து பரீட்சைத் தாளில் எழுதுகிற எழுத்தைவிட அழகாக இருந்தது. வேலை செய்கிறவன் போலத் தோன்றுவதற்கு இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கிறதே என்று சில நாள் அவனுக்கே தோன்றும். அன்றைக்கு இன்னும் கூடுதலாகத் தேய்ப்பான். தேய்த்துக் களைத்தவனுக்குச் சங்கரம்மாள் செம்பில் பழஞ்சோற்று நீச்சுத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். தம்பி என்று கூப்பிடுவாள். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான்.

பேறு பார்க்க அவளை யாரும் கூப்பிடவில்லை. நோட்டீஸ் ஒட்டிய அந்த வருஷமே ஐப்பசியில் மூன்று வீடு தள்ளி இருந்த பிச்சம்மாளுக்கு வலி கண்டது. அவள் புருஷன் மந்திரமூர்த்தி ஆய்க்குடிக்கு வண்டி அனுப்பி வேறொருத்தியைக் கூட்டிவரச் சொன்னான். வாய்க்கால் உடைந்து வண்டி நின்று, ஆள் வந்து சேரும்போது பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. சங்கரம்மாள் தன் வீட்டு முற்றத்தில் நின்று பிச்சம்மாளின் சத்தத்தைப் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். இசக்கிப்பாண்டி இதை மறுநாள் கேள்விப்பட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புத் தெளிவோடு போனான். நோட்டில் பலன் இல்லை என்று எழுதிய பிறகு, அடுத்த வரியில் ஏதோ எழுதித் தாள் கிழியுமளவுக்கு அடித்துவிட்டான்.

வருஷங்கள் போயின. பரீட்சையில் தேறி ஆபீசில் எழுத்து வேலைக்கு வந்தான். யுத்தம் வந்தது, சீமெண்ணெய் கிடைக்கவில்லை, அரிசிக்கு வரிசை வந்தது. வரிசையில் நிற்கப் போகிறவர்கள் அந்தக் கதவைத் தாண்டும்போது பேசாமல் போகப் பழகியிருந்தார்கள். பேசாதவர்களின் இருமலும் செருமலும் ஒட்டியது. இசக்கிப்பாண்டி ராயகிரியிலிருந்து சந்தனமாரியைக் கல்யாணம் செய்துகொண்டான். 1943ஆம் வருஷம் ஆடியில் அவளுக்குத் தலைப்பிரசவம். முந்தின நாள் மத்தியானம் கண்ட வலி மறுநாள் வெயில் ஏறியும் தீரவில்லை. பேறு பார்க்க வந்திருந்தவள் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது என்று கையைக் கழுவிவிட்டாள். சங்கரம்மாளைக் கூட்டி வருகிறேன் என்று இசக்கிப்பாண்டி கிளம்பியதும் அவன் தாய் வாசலை மறித்தாள்.

"அந்தக் கதவுக்காரியவா? ஊரே சொல்லுது, ஒனக்குக் காது இல்லையா?"

"அது அம்மை வீடே இல்லம்மா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஆறு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னான். அவன் தாய் நகரவில்லை. உள்ளேயிருந்து சந்தனமாரி, பல்லைக் கடித்துக்கொண்டு, "நின்னு பேசிட்டு இருக்காதிய. போய்க் கூட்டியாங்க" என்றாள். அதன் பிறகுதான் வழி கிடைத்தது.

சங்கரம்மாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வழியில் வலி எப்போது கண்டது, பனிக்குடம் உடைந்ததா என்ற இரண்டு கேள்விதான் கேட்டாள். அரைமணி நேரம் கையால் தடவித் தடவிப் பிள்ளையைத் திருப்பினாள். கோவிலின் மொட்டைக் கோபுரத்து நிழல் காலடிக்குச் சுருங்கும் முன்பே பெண் பிள்ளை பிறந்து அழுதது. கை கழுவி, வெற்றிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னைக் கூப்பிட ஆறு வருசம் ஆயிப்போச்சு தம்பி. கை மறந்துருமோன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

மறுநாள் காலையில் இசக்கிப்பாண்டி செக்கில் ஒரு படி தேங்காயெண்ணெய் வாங்கிக்கொண்டு அந்தக் கதவுக்குப் போனான். எண்ணெய் கூடாது என்றாயே தம்பி என்று சங்கரம்மாள் கேட்டாள். துணியை நனைத்து மேல் மூலையில் வைத்துத் தேய்த்தான். பசை வெண்ணெய் மாதிரி இளகியது.

முதலில் இருமல்கள் வந்தன. பிறகு ஒரு தாய் மகளிடம், "ஏட்டி, அந்தக் கதவத் தொடாத, பேச்சு கையில ஒட்டிக்கிடும்" என்றாள்; கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தெருவில் ஆள் கூடிவிட்டது. "கொழும்புக்குப் போனவன் ஏன் வரலங்க? இதுக்குத்தான்" என்றது ஒரு குரல். "இவ கை பட்ட புள்ளைக்கெல்லாம் அம்மை முத்து போடுமாம்லா" என்றது இன்னொன்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தன் குரல் வந்ததும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். சிலர் தன் குரல் வருமுன்பே வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். 1938ஆம் வருஷத்துப் படலத்தில் அத்தர் விற்ற ஒலி முகம்மதுவின் குரல் இருந்தது. எங்க வீட்டுல மூணு பேறும் இவங்கதான் பாத்தாங்க, ஒரு கொறையும் இல்ல என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். அவர் இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கூட்டத்தில் நின்ற அவர் மகன் கிதிர் முகம்மது அந்தக் குரல் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். 1937 ஐப்பசியில் மந்திரமூர்த்தி கதவுவரை வந்திருக்கிறான். "கூப்பிடவா, வேண்டாமா" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, "வேண்டாம், ஆய்க்குடிக்கே போவோம்" என்று திரும்பியிருக்கிறான். அவன் கதவுவரை வந்தது பிச்சம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

அதற்கும் கீழே முதல் நாள் பேச்சு வந்தது. இசக்கிப்பாண்டி, இருபத்திரண்டு வயதுக் குரலில், ஒட்டியாச்சு என்றான், ஐயாவுக்குப் பதில் சொல்லணும் என்றான், வாயைப் பொத்திக்கொண்டு வரச் சொன்னான். அவனை அடுத்து, பெத்த வீடுலே இது என்றார் நல்லகண்ணு. தெரு முழுக்கக் கேட்டது. இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தான். ஆறு வருஷமாக அவன் பயந்தது இதற்குத்தான். நடந்துவிட்டது, அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். ஆனால் கதவு இன்னும் பிசுபிசுத்தது. அடித்தாள் உரிந்து போயிருந்தது. தாளுக்கும் கீழே, மரத்தோடு மரமாக, முதல் பசை மெல்லிசாக நின்றது. துணியெல்லாம் தீர்ந்துபோனதால் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி, கையாலேயே தேய்த்தான். பச்சைப் பிள்ளையின் அழுகை வந்தது. பிறந்த உடனே அழுகிற அழுகை, நல்ல உரத்து. அது தாளுக்குக் கீழே இருந்தது.

சங்கரம்மாள் அவன் கையையும் கதவையும் பார்த்தாள்.

"காயிதம் ஒட்டுமுந்தியே கேட்டிருக்கு."

"முந்திதான் அக்கா."

இதைச் சொல்லும்போதுதான் அது அவனுக்கும் நினைவு வந்ததா, அல்லது எப்போதுமே தெரியுமா என்பதை அவனால் பிறகும் தீர்மானிக்க முடியவில்லை. சங்கரம்மாள் முந்தானையால் கதவை ஒரு தடவை துடைத்தாள். வேறு எதுவும் ஒட்டவில்லை.

"மீதி எண்ணெய அங்கன வச்சிட்டுப் போம். பேறு பாக்கக் கைக்கு ஆவும்."

அதற்குப் பிறகு அவள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அந்த வாரமே இரண்டு வீட்டிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. ஆவணிக்குள் ஆய்க்குடிக்காரர்களும் வண்டி அனுப்பினார்கள். இசக்கிப்பாண்டி நடந்ததை எழுதி ஆபீசில் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, பழைய விஷயத்துக்கு எந்தக் கோப்பும் இல்லை என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை எங்கே வைப்பதென்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அழுகை மட்டும் அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. கையை மூடியிருந்தால் கேட்காது, விரித்தால் கேட்கும். சலாம் வைக்கும்போது கேட்டது. அதனால் தலையை மட்டும் குனிந்தான். கோவிலில் கும்பிட்டால் இரண்டு கைக்கும் நடுவில் அமுங்கிக் கேட்டது. அந்த அழுகைக்குச் சொந்தக்காரன் வடகரையில் ஆறு வயதுப் பையனாகத் தென்னந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சந்தனமாரி ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து வைத்து, ஒரு நிமிஷம் ஆகாதே, தேய்த்துவிடுங்கள் என்றாள். இருக்கட்டும் என்றான். மறுநாளும் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அந்த எண்ணெயைப் பிள்ளைக்குத் தேய்த்துவிட்டாள்.

ஆனால் சாப்பிடும்போது கையை விரிக்காமல் முடியாது. மூன்று வேளையும், முதல் கவளத்திலிருந்து இலையை மடிக்கிறவரைக்கும் அது அழுதது. அவன் அவசரப்படாமல் மென்று சாப்பிட்டான். அவன் மகள் அந்தச் சத்தத்தில் வளர்ந்தாள், அது நின்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு நாள் பேறு பார்க்கப் போகிற வழியில் சங்கரம்மாள் அந்த வீட்டைக் கடந்தாள். கூட வந்தவள் உள்ளே யார் பிள்ளை அழுகிறது என்று கேட்டதற்கு, அது நல்ல நுரையீரல் உள்ள பிள்ளை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள். தெருவில் கடிகாரம் உள்ள வீடுகள் குறைவு. மத்தியானம் அந்த அழுகை கேட்டதும், இசக்கிப்பாண்டி சாப்பிட உட்கார்ந்தாயிற்று என்று பெண்கள் தங்கள் வீட்டு உலையை இறக்கி வடித்தார்கள்.